கரண்ட் இல்லை என்று சொன்ன மகனுக்கு

தம்பி,

நீ சுகமா என்று கேட்க இதை எழுதவில்லை. நீ சுகமாகத்தான் இருக்கிறாய். வெள்ளிக்கிழமை மொனிற்றர் உன்னைத் தூக்கி அலுமாரியில் அடித்த பிறகும், பின்னேரம் அதே மேசையில் இருந்து அதே மொனிற்றரைத் திருப்பிக் கழற்றுகிற அளவுக்கு நீ சுகமாக இருந்தாயாம். அந்தச் சுகத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். கடித உறையை நான் ஒட்டவில்லை. அப்பாதான் கொண்டுவந்து தருவார். வழியில் அவர் வாசித்தாலும் சரி, வீட்டோடு நீ நடத்துகிற கடைக்கு ரேடியோ கொண்டுவருகிற சனம் வாசித்தாலும் சரி. வாசித்துவிட்டு, இவனிடம் சாமானைக் கொடுக்கத்தான் வேண்டுமா என்று நாலு பேர் யோசித்தால் எனக்கு இன்னும் சந்தோசம்.

வதனி ஞாயிற்றுக்கிழமை காலையில் உரும்பிராயிலிருந்து அளவெட்டிக்குத் தனியாகச் சைக்கிளில் வந்து சேர்ந்தாள். "மாமியைப் பாத்துக் கனநாள், ரெண்டு நாள் நிண்டிட்டு வாறன்" என்று உன்னிடம் சொன்னாளாம். நீ தலையை நிமிர்த்தாமலே "ஓம், போட்டு வா" என்றாயாம். அந்தப் பிள்ளை கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போகவும் வழியில்லை. நீங்கள் இருக்கிறதே அவளுடைய சீதன வீடு, தாயும் தகப்பனும் கொழும்பில் மூத்த மகளோடு. புருசனோடு கோபித்துக்கொண்டு மாமியார் வீட்டுக்கு வந்த பெண்ணை என் வாழ்க்கையில் இப்போதுதான் காண்கிறேன். சைக்கிளை வேலியில் சாத்தியவள், குறடும் ஸ்குரூ டிரைவரும் இருக்கிற உன்னுடைய பையைக் கரியரிலிருந்து அவிழ்த்து என் மடியில் வைத்தாள். "மாமி, இதை அவரிட்டைக் குடுக்காதேங்கோ. நான் வந்து கேட்டால்கூடக் குடுக்காதேங்கோ" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். அந்தப் பையைத் தேடி நீ இரண்டு நாளாக வீட்டைப் புரட்டிக்கொண்டு இருப்பாய். தேடாதே. அது என்னுடைய அரிசிப் பெட்டிக்குள் இருக்கிறது.

நடந்ததை அவள் வாயால்தான் கேட்டேன். உன் வாயால் கேட்டிருந்தால் இவ்வளவு கோபம் வந்திராது. கொம்பியூட்டர் படிப்பிக்கிற மாஸ்டர் ஒருவர், படம் நடுங்குகிறது என்று மொனிற்றரை உன்னிடம் கொண்டுவந்து தந்திருக்கிறார். உனக்குக் கரண்ட் தருவது பக்கத்து வீட்டுச் செல்லத்துரையரின் ஜெனரேற்றர். மதிலுக்கு மேலால் வயர் வந்து உன் யன்னலுக்குள் இறங்குகிறது. மண்ணெண்ணெய் விற்கிற விலையில் மெசினைச் சும்மா ஓடவிட ஏலாது. ஆகவே அவர் மெசினைப் போடுவார், நீ படத்தைப் பார்ப்பாய், பார்த்த உடனே "நிப்பாட்டுங்கோ அண்ணை" என்று கத்துவாய், சத்தம் நின்ற அந்தக் கணமே கையை உள்ளே விடுவாய். பிளக்கைக் கழற்றுவதில்லை, ஏனென்றால் இன்னும் கொஞ்ச நேரத்தில் திருப்பிப் போடத்தானே வேண்டும்! செல்லத்துரையரின் மனுசி தண்ணீர்த் தொட்டி நிரப்ப நினைத்து மெசினைத் திருப்பி இழுத்திருந்தால் என்ன செய்திருப்பாய்? உன் உயிரை ஒரு மதிலுக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு இந்தப் பக்கம் வேலை செய்கிறாய்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை என்பதால் வதனி வீடு முழுக்கக் கழுவியிருக்கிறாள். உன் மேசை சாமி அறைக்குப் பக்கத்தில் இருப்பதால் செருப்பை வாசலில் விட்டிருக்கிறாய். நல்ல பக்திதான். ஈரச் சீமெந்தில் வெறுங்கால், விரலில் கலியாண மோதிரம், கழுத்தில் சங்கிலி. கரண்டுக்குப் பிடித்த எல்லாவற்றையும் பூட்டிக்கொண்டு போயிருக்கிறாய். அவள் பயந்துபோய்க் கேட்டும் இருக்கிறாள். "கரண்ட் நிண்டிட்டுதோ எண்டு கேட்டனான் மாமி. கரண்ட் இல்லாத ஊரிலை என்ன கரண்ட் எண்டு சிரிச்சவர். பிறகு ஒரு சத்தம். திரும்பிப் பாக்க அவர் அலுமாரிக்குக் கீழை கிடக்கிறார். கண் திறந்திருக்கு, கதை இல்லை." அவள் ஓடிப்போய் இரண்டு கையாலும் உன்னைப் பிடித்து இழுத்திருக்கிறாள். நல்ல காலம், நீ அப்போது எதிலும் ஒட்டிக்கொண்டு இருக்கவில்லை.

கரண்ட் இல்லை. இந்த இரண்டு சொல்லும்தான் உன்னை விழுத்தியவை. நாங்கள் எல்லோரும் இதைச் சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம். கரண்ட் இல்லை, விளக்குச் சிமினி துடைக்க வேண்டும். கரண்ட் இல்லை, சைக்கிளைக் கவிட்டுப் போட்டு டைனமோவைச் சுற்றினால்தான் ரேடியோவில் செய்தி கேட்கலாம். சுவரில் இருக்கிற சுவிச்சில் துவாயைக் கொழுவி வைக்கிறோம். ஆனால் தம்பி, சண்டையால் ஊருக்கு வருகிற கரண்ட்தான் நின்றது. கரண்ட் என்கிற சாமான் உலகத்தை விட்டுப் போகவில்லை. கொழும்பில் ஒருவன் மொனிற்றரைத் திறக்கிறான் என்றால் சுவரில் கரண்ட் இருக்கிறது என்ற பயத்திலாவது பிளக்கை இழுத்து எறிவான். இங்கே உங்களுக்கு அந்தப் பயமே விட்டுப்போயிற்று. மெசின் சத்தம் நின்றால் எல்லாம் முடிந்தது என்று காது சொல்லுகிறது, கை அதை நம்புகிறது. மெசின் நின்றது மொனிற்றருக்குள் படம் காட்டுகிற ரியூப்புக்குத் தெரியுமா? அது தன் வயிற்றுக்குள் ஆயிரக்கணக்கான வோல்ற்றை வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கும். மணித்தியாலக் கணக்காக இருக்கும், சிலவேளை அடுத்த நாளும் இருக்கும். இதை எனக்குச் சொல்லித் தந்தது ஆர்? நீதான்.

உன் அப்பாவைப் பார்த்து நீ எவ்வளவு சிரித்திருப்பாய்! கோயிலுக்குப் போனாலும் சந்தைக்குப் போனாலும் மனுசன் மெயின் சுவிச்சை நிப்பாட்டிவிட்டுத்தான் படலையைத் திறப்பார். "இல்லாத கரண்டை என்னத்துக்கு அப்பா நிப்பாட்டுறியள்?" என்று நீ கேட்க, "இல்லையெண்டு உனக்கு ஆர் சொன்னது?" என்று அவர் முறைக்க, நானும் சேர்ந்து சிரித்தேன். போன வருசம் எங்கள் ஒழுங்கையில் பெரியபிள்ளையான ஒரு பெட்டைக்குச் சாமத்தியவீடு நடந்தது. வாடகைக்கு எடுத்த ஜெனரேற்றரை வீட்டு வயரிங்கில் நேரே கொடுத்தார்கள், மெயினை நிப்பாட்டவில்லை. கரண்ட் வீட்டை விட்டு வெளிக்கிட்டு ஒழுங்கைக் கம்பிக்கு ஏறி எதிர்வீட்டு பல்ப்பை எரித்தது. எதிர்வீட்டுக்காரர் ஊருக்குக் கரண்ட் வந்துவிட்டது என்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். அவருடைய மனுசி ஈரத் துவாயோடு சுவிச்சில் கை வைத்து ஒரு உதறு உதறுப்பட்டு முற்றத்தில் போய் விழுந்தாள். எங்கள் வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. சாமத்தியவீட்டுக்குப் போகும்போதும் அப்பா மெயின் சுவிச்சை நிப்பாட்டிவிட்டுத்தான் போயிருந்தார். அன்றைக்கு அவர் காட்டிய பெருமையைத் தாங்க முடியாமல் நான் இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை, அது வேறு கதை.

தெரியாமல் செய்கிறவனை ஏசிவிட்டு விடலாம். நீ தெரிந்தவன். உன்னை நான் இலேசில் விடாதது அதனால்தான். ஊரில் கரண்ட் இருந்த காலம், நீ ரேடியோ வேலை பழகிக்கொண்டிருந்தாய். எங்கள் ரீவியில் படம் வராமல் போக, நான் திறக்கிறேன் என்று நின்றாய். முதல் நாளே பிளக்கைக் கழற்றி, அதன் தலையை மேசையில் உன் கண் முன்னால் வைத்தாய். அடுத்த நாள்தான் மூடியைத் திறந்தாய். மோதிரமும் மணிக்கூடும் கழற்றி என் கையில் தந்தாய். கால்களுக்குக் கீழே பலகை போட்டு, காய்ந்த செருப்பும் போட்டாய். வயரின் ஒரு நுனியை முதலில் ரியூப்பைச் சுற்றியிருக்கிற கம்பிப் பின்னலில் இறுக்கமாகக் கொழுவி, மற்ற நுனியைப் பிடி தடித்த ஸ்குரூ டிரைவரில் கட்டி, இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்துக்கொண்டு, ரியூப்பின் முதுகில் ஒட்டியிருக்கிற றப்பர் மூடிக்குக் கீழே மெல்லமாக விட்டாய். 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. "முடிஞ்சுதோ தம்பி?" என்று கேட்டேன். "இல்லை அம்மா, இது திருப்பியும் ஊறும்" என்று சொல்லிக் கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு தரம் செய்தாய். இரண்டாம் முறையும் சின்னதாக 'டிக்' என்றது.

அதற்கு முதல் செய்ததுதான் பெரிது. வீடு கூட்டுகிற தும்புத்தடியை என் கையில் தந்து, என்னை வாசலடியில் நிற்பாட்டி, "அம்மா, எனக்கு ஏதும் நடந்தால் என்னைத் தொடாதேங்கோ. கத்திக்கொண்டு ஓடி வந்து பிடிக்காதேங்கோ. முதல்லை மெயினை நிப்பாட்டுங்கோ. ஏலாட்டில் இந்தத் தடியாலை என்னைத் தள்ளி விடுங்கோ" என்றாய். மீசை சரியாக அரும்பாத வயது உனக்கு. பெற்றவள் சாகக் கூடாது என்று யோசித்தாய். இன்றைக்கு உனக்கென்று ஒரு கடை இருக்கிறது, பெயர்ப்பலகை இருக்கிறது, ஊரில் மொனிற்றர் திறக்கத் தெரிந்த ஆள் நீதான் என்ற பேச்சும் இருக்கிறது. ஆனால் உன் பெண்சாதிக்கு ஒரு தும்புத்தடி கொடுக்க உனக்கு நேரமில்லை. அவளுக்கு நீ சொல்லிக் கொடுத்ததெல்லாம் கரண்ட் இல்லை என்ற ஒரு பொய் மட்டும்தான். அந்தப் பொய்யை நம்பி அவள் உன்னைக் கட்டிப் பிடித்தாள்.

நான் ஆஸ்பத்திரியில் தாதியாக எத்தனை வருசம் நின்றவள் என்பது உனக்குத் தெரியும். வீட்டில் அந்தக் கதைகளை நான் கதைப்பதில்லை. ஒன்றை இப்போது கதைக்கிறேன். கோயில் திருவிழாவுக்கு ரியூப் லைற் கட்டுகிற ஒருவரைக் காலையில் கொண்டுவந்தார்கள். விரல் நுனியில் ஒரு கறுப்புப் புள்ளி, உள்ளங்காலில் ஒரு சின்ன ஓட்டை. வேறு ஒன்றுமில்லை. கட்டிலில் எழும்பி இருந்து எங்களோடு பகிடி விட்டார். "மிஸி, சும்மா ஒரு தட்டுத்தான். என்னை விடுங்கோ, கொடியேற்றத்துக்கு வேலை கிடக்கு" என்றார். அவருடைய மனுசி வெளியே வாங்கில் இருந்தவள், அவர் சிரிக்கிற சத்தம் கேட்டுத் தேத்தண்ணி வாங்கப் போனாள். அவள் போத்தலோடு திரும்பி வர முதல் அவருடைய இதயம் தாளம் தப்பி நின்றுவிட்டது. டொக்ரர்மாரும் நாங்களும் பாடுபட்டோம், திரும்பவில்லை. அந்த மனுசிக்குச் சொல்லுகிற வேலை எனக்கு வந்தது. "இப்பதானே மிஸி சிரிச்சவர்?" என்று கேட்டாள். அதை எத்தனை தரம் கேட்டாள் என்று எனக்கே தெரியாது.

நீ வெள்ளிக்கிழமை பின்னேரம் செல்லத்துரையரிடம் சொன்னாயாம், "வதனி கழுவி விட்ட நிலம், வழுக்கிப்போட்டுது" என்று. பழியை அவள் கழுவிய நிலத்தில் போட்டுவிட்டாய்! அவளும் உனக்காக வாயை மூடிக்கொண்டு நின்றாள். உன் வலது கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் அன்றிரவு விறைத்துப்போய், சோற்றைப் பிசைய ஏலாமல் கரண்டி கேட்டாயாம். அதையும் கேட்டுக்கொண்டு நான் அளவெட்டியில் நிம்மதியாக இருக்க வேண்டும் என்கிறாயா? இந்தக் கடிதம் கிடைத்த உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சைக் காட்டு. வழுக்கி விழுந்தேன் என்று அங்கேயும் சொன்னால், நானே வந்து டொக்ரருக்கு முன்னால் உன் காதைத் திருகுவேன்.

குண்டு போடுகிற பொம்மர் சத்தம் கேட்டால் நீ எப்படி ஓடுகிறாய்! கலியாணத்தன்று தாலி கட்டி அரை மணித்தியாலம் ஆகவில்லை, வேட்டியைத் தூக்கிக்கொண்டு, வதனியின் கையையும் இழுத்துக்கொண்டு பங்கர் குழிக்குள் குதித்தாய். அப்போது நான் சந்தோசப்பட்டேன். இவனுக்கு உயிரில் ஆசை இருக்கிறது, பெண்சாதியை விட்டுவிட்டு ஓடவில்லை என்று. மேலே பறக்கிறதற்குப் பயப்படுகிற நீ, மேசையில் இருக்கிறதற்கு ஏன் பயப்படவில்லை? இத்தனை குண்டுக்கும் ஷெல்லுக்கும் தப்பவைத்து வளர்த்த பிள்ளையை ஒரு மொனிற்றருக்குக் கொடுக்கவா நான் வைத்திருக்கிறேன்? விழுந்தவனைத் தூக்கிக்கொண்டு போக ஒரு வான் பிடிக்க வேண்டும், அதற்கு எண்ணெய் தேட வேண்டும். உரும்பிராயிலிருந்து உன்னைச் சைக்கிள் கரியரில் வைத்தா அந்தப் பிள்ளை உழக்குவாள்?

வேலையை விடு என்று நான் சொல்லவில்லை. புதுச் சாமான் ஒன்றும் உள்ளே வராத ஊரில் பழுதானதைத் திறக்கத்தான் வேண்டும், எனக்கு விளங்குகிறது. ஆனால் ஜெனரேற்றரை நிப்பாட்டச் சொல்லிக் கத்துவது நிப்பாட்டியதாகாது. பிளக்கை உன் கையால் கழற்று, கண்ணுக்கு முன்னால் வை. படம் பார்க்க ஒரு முறை, திறக்க வேறொரு நாள். மண்ணெண்ணெய் மிச்சம் பிடிக்கிறேன் என்று இரண்டையும் ஒன்றாக்காதே. அந்த மாஸ்டர் வியாழக்கிழமை வகுப்பு இருக்கிறது என்று அவசரப்படுத்தினால் என்னிடம் அனுப்பு, நான் கதைக்கிறேன். கொம்பியூட்டரின் பவர் சப்ளைப் பெட்டியும் அப்படித்தான். காற்றாடியைத் துடைக்கிறேன் என்று அதைத் திறந்து விரலை விடாதே. உள்ளே இருக்கிற அந்தத் தடித்த கொண்டென்சர்கள் வயரைக் கழற்றிய பிறகும் கரண்டைப் பிடித்து வைத்திருக்கும், மீற்றர் வைத்துப் பார்க்காமல் தொடுகிறவன் விசரன். பியூஸ் போனால் சிகரெட் பெட்டிக்குள் இருக்கிற வெள்ளித் தாளைச் சுற்றிக் கொடுப்பதை இன்றோடு விடு. எனக்குத் தெரியாது என்று நினையாதே. வெள்ளிக்கிழமையில் திறக்காதே. வீடு காய்ந்த பிறகும் செருப்பில்லாமல் திறக்காதே. மேசையைச் சாமி அறையடியிலிருந்து வெளி விறாந்தைக்கு மாற்று. சாமிக்கு உன் வெறுங்கால் வேண்டாம்.

இவ்வளவையும் நீ செய்வாய் என்று எனக்குத் தெரியும். பயத்தில் ஒரு மாதம் செய்வாய். பிறகு ஒருநாள் மழைக்கு முன் வேலையை முடிக்க வேண்டும், ஆரோ வாசலில் நிற்கிறார்கள், கை தானாக உள்ளே போகும். ஆகவே வதனி இல்லாமல் நீ எதையும் திறக்கக் கூடாது. அவள் வாசலடியில் நிற்க வேண்டும். பிளக் எங்கே இருக்கிறது, எதைத் தொடக் கூடாது, எப்போது தொடலாம் என்று அவளுக்கு நீயே சொல்ல வேண்டும். அவள் வேண்டாம் என்று தலையாட்டினால் மூடியைத் திருப்பிப் பூட்ட வேண்டும். பையை வாங்க வருகிறாய் என்றால் இதற்கு ஒத்துக்கொண்டு வா. என்னிடம் வந்து மன்னிப்புக் கேட்டுப் பல்லைக் காட்டினால் பை கிடைக்காது. நீ என் பிள்ளைதான், ஆனால் இந்த விசயத்தில் நான் அவள் பக்கம்.

நேற்று அவள் என்னிடம் வந்து, "மாமி, கரண்ட் அடிச்சு மூச்சு நிண்டால் என்ன செய்யிறது? நீங்கள் ஆஸ்பத்திரியிலை செய்யிறதை எனக்குக் காட்டுங்கோ" என்றாள். உனக்கேன் பிள்ளை உது, உதெல்லாம் வேண்டாம் என்று கத்தினேன். அவள் போகவில்லை. "அவர் திருந்துவார் எண்டு நீங்கள் சொல்லுறியள். திருந்தாட்டில்?" என்று கேட்டுக்கொண்டு நின்றாள். ஆகவே நிலத்தில் பாயை விரித்து, ஒரு தலையணையைப் போட்டு, கையை எங்கே வைப்பது, முழங்கை மடியாமல் எப்படி அழுத்துவது, தலையை எப்படி நிமிர்த்தி மூச்சு ஊதுவது என்று காட்டிக் கொடுத்தேன்.

இப்போதும் நான் எழுதிக்கொண்டிருக்க, அவள் உள்ளறையில் முழங்காலில் இருந்து அந்தத் தலையணையை அழுத்திக்கொண்டிருக்கிறாள். வாய்விட்டு எண்ணுகிறாள். இடையில் எண்ணிக்கை பிசகினால் நிப்பாட்டிவிட்டுத் திருப்பி ஒன்றிலிருந்து தொடங்குகிறாள். கலியாணம் முடிந்து ஐந்து மாதம் ஆகவில்லை. தன் புருசன் செத்துக் கிடப்பதாக நினைத்துக்கொண்டு ஒரு பிள்ளை பழகுகிறாள். வந்து பார்.

அம்மா